ஜீப் வாடகைக்கு ஒரு வருஷ உழைப்பு

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வாணியம்பாடிப் பக்கமிருந்து வரும் பஸ் இங்கே ஆள் ஏற்றிக்கொண்டு, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு மலையேறும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் மருந்துச் சீட்டோடு வந்து நிற்கும் இடங்களில் என் கடையும் ஒன்று. சீட்டைப் பார்த்தால் நோய் தெரியும். சீட்டோடு நீட்டும் பணத்தை எண்ணிக் கொடுக்கிற விதத்திலேயே அது யாரிடம் வாங்கிய பணம் என்பதும் எனக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் கற்றுக்கொண்டது இதுதான்: மலைக் குடும்பம் ஒன்று சாய்வதற்குப் பெரிய நோய் தேவையில்லை. அவசரமான ஒரு ராத்திரியில் ஐயாயிரம் ரூபாய் கையில் இல்லாமல் போனாலே போதும். பழங்குடியினருக்கு உதவ வேண்டும் என்று நினைக்கும் நல்ல மனசுக்காரர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவருவது அரிசி மூட்டை. தேவைப்படுவது அந்த ராத்திரியின் பணம்.

மூன்று மாவட்டத்து மலை

ஜவ்வாது மலை ஒன்றுதான். நிர்வாகத்தில் மூன்று துண்டு. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு திருப்பத்தூர் மாவட்டம். ஒடுகத்தூர்ப் பக்கம் ஏறினால் வரும் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28-ம் தேதி திருப்பத்தூர் தனி மாவட்டமாகும் வரை எங்களூரும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மலைக்காரர் ஒருவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒரு மாவட்டத்தில் இருக்கும். சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டிய ஆபீஸ் இன்னொரு மாவட்டத்தில் இருக்கும்.

இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பட்டியலில் பேர் அப்படி, பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டதாகத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்வார்கள். மானாவாரியில் சாமை விதைக்கிறார்கள். புளி உலுக்குகிறார்கள், பலா இறக்குகிறார்கள், தேன் எடுக்கிறார்கள், கடுக்காய் பொறுக்குகிறார்கள்.

கடுக்காய் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் ஷெட்டுகளுக்கும் மலைக்கும் பழைய உறவு உண்டு. குரோம் வருவதற்கு முன் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். இன்றைக்கு அடிவாரத்து ஊர்களில் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அதில் மலைக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. ஊரை வாழவைத்த தொழிலுக்கு மலையும் கை கொடுத்திருக்கிறது என்பதை, உதவி என்ற பேச்சை எடுக்கும்போது நான் மறப்பதில்லை.

ரோடு முடிகிற இடம்

எங்கள் ஆலங்காயம் ஒன்றியத்தில், வள்ளிப்பட்டு ஊராட்சியில் இருக்கிறது நெக்னாமலை. அடிவாரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் போல ஏற வேண்டும். முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கி இறக்குவதும், இறந்தவர்களை அதே டோலியில் தூக்கி ஏற்றுவதும் பல வருஷம் பத்திரிகைச் செய்தியாக வந்துகொண்டிருந்தன. ஊர்க்காரர்களே கூடி மண் பாதை வெட்டியதும் செய்தியானது. டோலி என்றால் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான கழியில் போர்வையையோ புடவையையோ தொட்டில் போலக் கட்டி நோயாளியை உள்ளே படுக்கவைப்பார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுக்க, மாற்றுத் தோளுக்கு இன்னும் நாலு பேர் கூடவே நடப்பார்கள். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் எட்டுப் பேரின் ஒரு நாள் கூலி போகும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில் வீட்டு வாசலில் தூங்கிய ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், பாதை இல்லை என்று அடிவாரத்தில் இறக்கிவிட்டது. மிச்ச தூரத்தைத் தாய் குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்தாள். அந்தப் படம் நாடு முழுக்கப் போன பிறகுதான் அந்த மலைக்கு ரோடு வேண்டும் என்ற பேச்சு வேகம் பிடித்தது.

பாம்புக்கடி மருந்து என்னைப் போன்ற கடைக்காரர்களிடம் கிடைக்காது. அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர் பழங்குடியினர். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பழங்குடியினர் எடுத்துத் தந்த விஷத்தில் செய்த மருந்து பழங்குடிக் குழந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

ஒரு விபத்தின் செலவுக் கணக்கு

மாசி மாதம் புளி உலுக்கும் காலம். ஒரு ராத்திரி கடை ஷட்டரைத் தட்டினார்கள்.

"அண்ணா, தெறங்கண்ணா. மரத்துல இருந்து உழுந்துட்டான். கீழ தூக்கியாந்துட்டோம்."

"108-க்கு அடிச்சீங்களா?"

"வந்துக்கினு கீறான். வாணியம்பாடி போயி, அங்கருந்து வேலூர் போவணும்னு சொல்றாங்க. கையில துட்டு இல்லண்ணா."

கூட வந்த, விழுந்தவரின் மனைவி ஓரமாக நின்றாள். மடியில் முடிந்திருந்ததை அவிழ்த்து எண்ணினாள். முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. புளி வியாபாரி முன்கூட்டியே கொடுத்த பணத்தில் மிச்சம் அது.

விழுந்தவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் இலவசம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் மருந்தும் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பார்த்துக்கொள்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது அந்தக் குடும்பத்துக்குப் பதினெட்டாயிரம் செலவாகியிருந்தது. எப்படி என்று பின்னால் அவள் மைத்துனனை உட்காரவைத்து எழுதிப் பார்த்தேன்.

டோலி தூக்கியவர்களுக்குச் சாப்பாடும் டீயும். துணைக்கு இருந்த மனைவிக்கும் மைத்துனனுக்கும் மூன்று வாரம் வெளிச் சாப்பாடு. வீட்டில் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்க மைத்துனன் போய்வந்த பஸ் செலவு. வெளியே வாங்கச் சொன்ன வாக்கர். கடைசியில் எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை ஒன்று: திரும்பி வந்த செலவு. போகும்போது 108 இருக்கிறது. பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் விட 102 இருக்கிறது. இறந்தவரை 155377-க்கு அடித்தால் அமரர் ஊர்தி ஏற்றி வரும். உயிரோடு, இடுப்பில் தகடு வைத்துப் படுத்தபடி வருகிறவருக்குத்தான் வண்டி இல்லை. அவரை பஸ்ஸில் உட்காரவைக்க முடியாது. வேலூரிலிருந்து வேன், அடிவாரத்திலிருந்து ஜீப், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மறுபடியும் டோலி.

இந்தப் பதினெட்டாயிரத்தில் பட்டினி என்று ஒரு வரி கிடையாது. ரேஷன் அரிசி வீட்டில் இருந்தது.

அட்வான்ஸ் கொடுப்பவர்

பணம் எங்கிருந்து வந்தது? மேஸ்திரி கொடுத்தார். குடகில் காப்பி, மிளகு எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர். மலைக்காரனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பணம் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அதனால் அவரை ஒரேயடியாகக் கெட்டவன் என்று மலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாங்கில் கேட்டால் ஜாமீன் கேட்பார்கள். அடகுக் கடையில் வைக்க நகை இருக்காது. மேஸ்திரி எதுவும் கேட்பதில்லை. "சீசனுக்கு ரெண்டு பேரு வந்துடுங்க" என்பதோடு சரி. அந்த வருஷ சீசனுக்கு விழுந்தவரின் மனைவியும் அந்த மைத்துனனும் போனார்கள். படுத்த ஆளைப் பார்த்துக்கொள்ள ஏழாவது படித்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

இது நல்ல மேஸ்திரியின் கதை. இதைவிட மோசமான வாசல்கள் உண்டு. 2019 ஜூலையில் அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் அப்போது எல்லோரையும் உலுக்கியது. அவர்கள் வாங்கியிருந்த முன்பணம் அற்பத் தொகை. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் பிடித்துவைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக இப்போது 30,000 ரூபாய் வரை உண்டு. வழக்கின் தன்மையைப் பொறுத்து மறுவாழ்வுக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை உண்டு. ஒருவன் சிறு தொகைக்குச் சிக்கிய பிறகு மீட்க இவ்வளவு. சிக்காமல் இருக்க அதே சிறு தொகையைக் கொடுக்க மட்டும் எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

இன்னொரு வாசல் ஆந்திராவில் இருக்கிறது. செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் தரகரும் இதே மாதிரி ராத்திரிகளைத்தான் தேடி வருகிறார். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பிறகு நிவாரணம் வந்தது, தலைவர்கள் வந்தார்கள். இறந்தவர்கள் எந்தக் கடனுக்காகக் காட்டுக்குப் போனார்கள் என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

மழை வந்தால்

பொதுவான பேரிடரிலும் தேவைக்கும் உதவிக்கும் நடுவே இதே இடைவெளிதான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மழையில் பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்களுக்குத் தெற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போது சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்ல தொகை. ஆனால் வி.ஏ.ஓ. வந்து பார்த்து, பட்டியல் எழுதி, அது மேலே போய், பாங்கில் பணம் ஏறும் வரை மண்சுவர் நிற்காது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தேவைப்படுவது ஒரு தார்ப்பாய், ஒரு டார்ச் லைட், இரண்டு கம்பளி. இவை மழைக்கு முன்பே மலைமேல் யார் வீட்டிலாவது இருந்தால்தான் உதவி.

அரிசி மூட்டையின் அரசியல்

எங்கள் பக்கம் தர்மத்துக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் உண்டானது. தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததைப் படிப்புக்குக் கொடுத்த கைகள் இந்த ஊர்க் கைகள். ரம்ஜான் மாதம் ஜகாத் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். சர்ச்சுக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குக் கம்பளி கொண்டுபோகிறார்கள். ஐயப்ப பக்தர்கள் அன்னதானம் போடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் சமூக நலப் பிரிவினர் பாகாயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குப் போய் வைத்தியம் பார்ப்பது வெகுகாலமாக நடக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்த மண் இது.

2020 ஊரடங்கில் மலைமேல் மளிகைப் பைகள் போனபோது அது உண்மையிலேயே தேவை. வெளியூர் வேலை நின்று, நடந்தே வீடு திரும்பியவர்கள் அதை நம்பி இருந்தார்கள். ஆனால் ஊரடங்கு முடிந்த பிறகும் அதே பைதான் போகிறது. அரிசி ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதைக் கொண்டுபோகிறவர்கள் யோசிப்பதில்லை. ஆடி முதல் புரட்டாசி வரை, சாமை அறுப்புக்கு முன்னால், கை வறண்ட மாதங்கள். அப்போது குறைவது எண்ணெய், பருப்பு, சோப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு. உதவி வருவதோ தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு வேறு சிக்கல். பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். அவர்கள் கட்டடம் கட்டுவார்கள், கம்ப்யூட்டர் கொடுப்பார்கள். ஜீப் வாடகைக்குக் கேட்டால் பில் கேட்பார்கள். நடுராத்திரி மலையேறி வருகிற ஜீப்காரன் ஜி.எஸ்.டி. பில்லுக்கு எங்கே போவான்?

இது எங்கள் மலையோடு நிற்கிற பிரச்சினை இல்லை. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பழங்குடிக் குடும்பங்களுக்கு டவுன் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1928-ல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய விமான வைத்தியம் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. தூரத்தைப் புரிந்துகொண்டு செய்த உதவி அது. அதே நாட்டு அரசு 2007-ல் வடக்குப் பிரதேசத்தில் அவசர நடவடிக்கை என்ற பேரில் 73 பழங்குடிக் குடியிருப்புகளில் உதவித்தொகையில் பாதியைப் பிடித்துவைத்தது. இன்ன பொருள்தான் வாங்கலாம் என்று ஆக்கியது. அதற்காக இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே ஒதுக்கிவைத்தது. பழங்குடிக்குச் செலவு செய்யத் தெரியாது என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. "கையில துட்டு குடுத்தா குடிச்சிடுவான்" என்று என் கடை வாசலில் நின்று சொல்கிறவர்களும் அந்தக் கட்சிதான். பொண்டாட்டியை டோலியில் தூக்கிவந்தவன் குடித்துவிட்டுப் போனதை நான் பார்த்ததில்லை.

நாங்கள் என்ன செய்கிறோம்

கடுக்காய் வியாபாரி ஒருவர், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஜீப் வைத்திருக்கும் ஒருவர், நான். சங்கமும் இல்லை, பேனரும் இல்லை. மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தொகையை ஜீப்காரர் வீட்டிலேயே ரொக்கமாக வைத்திருக்கிறோம். ராத்திரியில் ஏ.டி.எம். தேடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

விதிகள் கொஞ்சம்தான். முதல் பணம் ஜீப்புக்கும் துணைக்குப் போகிறவரின் சாப்பாட்டுக்கும். இரண்டாவது பணம் திரும்பி வருவதற்கு. அதை முன்கூட்டியே தனியாக எடுத்துவைத்துவிடுவோம். பெண் யாராவது கூட வந்தால் பணம் அவள் கையில். போட்டோ கிடையாது. வட்டி கிடையாது, முடிந்தவர்கள் புளி விற்றதும் சாமை விற்றதும் திருப்பித் தருகிறார்கள். பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. சிலர் பணத்துக்குப் பதிலாக ஒரு பலாப்பழத்தை இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். கணக்கில் அதற்கும் ஒரு வரி உண்டு.

அடுத்தது பேப்பர் வேலை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, கர்ப்பிணி என்றால் நர்சம்மாவிடம் பதிவு செய்திருக்கிறாளா, பாங்குக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்போம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். பதிவு எண் இல்லாததால் அதை விட்டவர்கள் உண்டு. நாங்கள் போடும் ஆயிரத்தைவிட அந்தப் பதிவு பெரிய உதவி.

எல்லாருடைய ராத்திரிக்கும் எங்களால் ஈடுகொடுக்க முடியாது. மலை பெரிது, எங்கள் பண டப்பா சின்னது. மேஸ்திரியின் பணத்தை எங்கள் பணம் முழுக்க விரட்டிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் வந்த குடும்பங்களில் பலர் அந்த வருஷம் குடகு பஸ் ஏறவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

இதை அரசு செய்ய முடியும். மலையடிவாரத்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டாக்டரோ நர்சோ கையெழுத்துப் போட்டு அங்கேயே கொடுக்கும்படி ஒரு சிறு ரொக்க நிதி இருந்தால் போதும். திரும்பி வரும் நோயாளிக்கும் வண்டி உண்டு என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். அது வரும் வரை இந்த வேலை அடிவாரத்து ஊர்க்காரர்களுடையது. ஆலங்காயம், ஒடுகத்தூர், போளூர், திருப்பத்தூர் என்று ஜவ்வாது மலையைச் சுற்றி ஊர்கள் இருக்கின்றன. கல்வராயன், ஏற்காடு, கொல்லி, பச்சை மலைகளுக்கும் அடிவாரம் உண்டு, அங்கேயும் மருந்துக் கடை உண்டு, ஜீப் உண்டு.

இந்த வருஷம் மலைக்கு ஏதாவது கொடுக்க நினைக்கிறீர்களா? அரிசி மூட்டைக்கு ஆர்டர் சொல்வதற்கு முன், உங்கள் பக்கத்து அடிவாரத்துக்குப் போய் ராத்திரியில் வண்டி ஓட்டுகிற ஜீப்காரர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் பத்தாயிரம் ரூபாயை நம்பிக் கொடுத்துவிட்டு, கணக்கை மட்டும் கேளுங்கள்.